புது மூட்டும் பழைய தரையும்

“டாக்டர், நான் இனிமேல் கீழே உட்காரலாமா?”

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட மேல்நாட்டுக்காரரானால், “கோல்ப் ஆடலாமா?” என்று கேட்பார். நம் வீட்டுப் பெண்மணி கேட்பது தரையைப் பற்றித்தான். கேட்காமல் என்ன செய்வாள், பாவம்! கோலம் தரையில், பூஜை தரையில், அரிவாள்மணை தரையில், சாயங்காலம் நாலு பேருடன் வம்பு பேசுவதும் தரையில்!

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், நமக்குப் பழகின விஷயம்தான். ஆட்டுக்கல்லின் குழியில் குழவி உருளுகிறதல்லவா? அது போல இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலை உருளுகிறது. தேய்ந்துபோன அந்தத் தலையை எடுத்துவிட்டு, உலோகத்திலோ பீங்கானிலோ செய்த புதுத் தலையைப் பொருத்துகிறார்கள். கிண்ணத்துக்குள்ளே பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் உறை.

இந்த முறைக்கு வழிகாட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர். அந்தக் காலத்து அக்ரிலிக் உருண்டையைப் பொருத்திக்கொண்ட ஒருவருடைய இடுப்பு, அசையும்போதெல்லாம் ‘கிறீச்’ என்று சத்தம் போட்டதாம். அதைப் பொறுக்கமாட்டாமல் அவர் மனைவி இடத்தை விட்டே எழுந்து போய்விடுவாளாம்! உராய்வைப் பற்றி சார்ன்லியை யோசிக்க வைத்தது அந்தச் சத்தம்தான். முதலில் டெப்லான் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். சில வருஷங்களிலேயே அது தேய்ந்து போயிற்று. மனிதர் சளைக்கவில்லை. 1962 நவம்பரில், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், பாலிஎதிலீன் கிண்ணத்தில் சின்ன எஃகு உருண்டையைப் பொருத்தினார். அது நிலைத்தது.

எத்தனை காலம் உழைக்கும் என்கிறீர்களா? இடுப்பு மூட்டு மாற்றுகளில் நூற்றுக்கு 58 வீதம் 25 வருஷம் தாங்குகின்றன என்று 2019-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் கணக்குச் சொன்னார்கள். எலிசபெத் ராணியின் தாயார் 1995-ல், தமது 95-வது வயதில், ஒரு பக்கம் மாற்றிக்கொண்டார். 1998-ல் விழுந்து எலும்பு முறிந்து, மறு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று. 101 வயது வரை இருந்தார்.

இனி தரைக்கு வருவோம். குத்துக்காலிட்டு உட்காரும்போது தொடை வயிற்றோடு ஒட்டுகிறது. அப்போது புது மூட்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். முட்டினால், நெம்புகோல் போட்டது போல் உருண்டை வெளியே நழுவக்கூடும். பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால், குனிவதும் பாதத்தை உட்புறம் திருப்புவதும் ஒன்று சேர்வது அதிக ஆபத்து. மெட்டியைச் சரிசெய்யக் குனிகிறோமே, கால் நகம் வெட்டுகிறோமே, அந்த மாதிரி சாதாரணக் காரியங்கள்தான்! முன்பக்கமாகச் செய்திருந்தால் ஜாக்கிரதைகளே வேறு. ஆகையால், எந்தப் பக்கமாகச் செய்தார்கள் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் கண்டிப்பு அதிகம். சதை ஆறி மூட்டைச் சுற்றி இறுகின பிறகு பயம் குறையும், ஆனால் அடியோடு போய்விடாது. சப்பணமிட்டு உட்கார்வதைச் சில டாக்டர்கள் சிலருக்குப் பிற்பாடு அனுமதிப்பதுண்டு. கேட்காமல் நீங்களாகப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்.

சரி, பாட்டி தரைக்கு இறங்கக் கூடாது. அப்படியானால் வீடு பாட்டிக்காக மேலே ஏற வேண்டியதுதானே? அடுக்களையில் கீழ்த்தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். காய் நறுக்க மேஜையும் கத்தியும் போதும். சுவாமி விளக்கை உயரமான மேடையில் வையுங்கள். கழிப்பறையில் மேல்நாட்டுப் பீங்கான், பக்கத்துச் சுவரில் அழுத்தமாகப் பதித்த கைப்பிடி, இரண்டும் அவசியம். உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் சோபா வேண்டாம். கை வைத்த உயரமான நாற்காலி உத்தமம். வழுக்கும் மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். கோலத்தைப் பேத்தியிடம் ஒப்படையுங்கள். புள்ளி தப்பினால் வாசற்படியில் நின்று அதட்ட யார் தடுக்கிறார்கள்?

தரையைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் அன்பு! “நீ உட்காரு அம்மா” என்கிறான் மகன். “நான் கொண்டுவருகிறேன், அத்தை” என்று ஓடி வருகிறாள் மருமகள். காபி, மாத்திரை, பத்திரிகை எல்லாம் நாற்காலிக்கே வந்து சேருகின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பைச் சாயாமல் தாங்குவது பக்கவாட்டுத் தசைகள். நாற்காலியே கதியாக இருந்தால் அவை தளர்ந்துவிடும், நடை விந்தும். உழைக்காத எலும்பும் மெலியும். வலியில்லாமல் நடப்பதற்காகத்தானே இத்தனை பணம், இத்தனை கஷ்டம்?

நடக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். கோயில் பிராகாரத்தைப் போன்ற இடம் கிடைப்பது அபூர்வம். ஈரக் கல்லில் மட்டும் கவனம். நீச்சலும், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் நல்லவை. ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். ஆரம்ப நாளில் கைத்தடி பிடித்தால், ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடியுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். உடம்பு எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் மூட்டுக்கும் சுமை குறையும்.

வலியில்லை என்பதற்காக டாக்டரை மறந்துவிடாதீர்கள். கிண்ணம் தேய்வது சத்தமில்லாமல் நடக்கும், எக்ஸ்ரேயில்தான் தெரியும். பல வருஷம் கழித்துக்கூடக் கிருமி ரத்தத்தின் வழியே போய்ப் புது மூட்டில் குடியேறலாம். ஆகவே சொத்தைப் பல், கட்டி, சிறுநீர்க் கடுப்பு எதையும் ‘தானாகப் போய்விடும்’ என்று விடக் கூடாது. பல் டாக்டரிடமும் உங்கள் மூட்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தொடையிலோ அரையிலோ புதிதாக வலி, அல்லது காய்ச்சலோடு தழும்பில் சிவப்பு என்றால் உடனே காட்டுங்கள். திடீரென்று கால் குட்டையாகி நிற்க முடியாமல் போனால், எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் தேடாதீர்கள். படுக்க வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊர் சுற்றத் தடையில்லை. காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். நீண்ட பிரயாணத்தில் நடுநடுவே இறங்கி நாலடி நடங்கள். விமான நிலையத்தில் சோதனைக் கதவு ‘கீ கீ’ என்று கூவினால் திகைக்க வேண்டாம். இடுப்பில் உலோகம் இருக்கிறது என்று சொன்னால், தனியே நிறுத்திச் சோதித்து அனுப்பிவிடுவார்கள். கைநிறைய அடுக்கியிருக்கும் வளையல்களை மட்டும் முன்கூட்டியே கழற்றிக்கொண்டால், எது கூவிற்று என்ற விசாரணை சீக்கிரம் முடியும்.