உடல் தேறும் காலத்தில் கைவேலை: திரை அச்சு செய்வோர் அறிய வேண்டியவை

நோய் தணிந்து வீடு திரும்புகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமா, டாக்டர்?” என்பதாகும். கொடுக்கலாம் என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. தையல், கூடை முடைதல், மரத்தில் சிறு உருவம் செதுக்குதல், துணிப்பையில் அச்சிடுதல் என எதுவாயினும், விரும்பிச் செய்யும் கைவேலை உடலுக்கும் மனத்துக்கும் துணை செய்யும். ஆயினும் மருத்துவர்களாகிய நாங்கள் உடனே திருப்பிக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. அந்த வேலைக்கு வீட்டில் என்னென்ன புட்டிகள் வந்து சேரும்? இக்கட்டுரை, கைவேலைகளுள் இளையோரும் இல்லத்தரசிகளும் இன்று ஆர்வத்துடன் கற்கும் திரை அச்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் நன்மையையும் காப்பையும் ஒருங்கே சொல்ல முயல்கிறது.

நம் மாவட்டமும் கைத்திறனும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனால் இவ்வூர்ச் சிற்பிகளின் கைத்திறன் மாவட்டத்தைவிட மிகப் பழையது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் அக்குறியீட்டைப் பெற்ற மற்றொரு தமிழகக் கலை, கருப்பூர்க் கலம்காரி. துணியில் வண்ணம் பிடிக்கச் செய்யும் அக்கலைக்கு இன்றியமையாத பொருள் கடுக்காய். நம் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காட்டிலிருந்து திரட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும் பொருள்களுள் கடுக்காயும் ஒன்று என்பது நம்மில் பலரும் அறிந்ததே.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வழங்கும் திரை அச்சும் நமக்குப் புதியதன்று. திருமண அழைப்பிதழ், மணமக்கள் பெயர் பொறித்த தாம்பூலப் பை, ஜவுளிக்கடையின் மஞ்சள் பை ஆகிய பலவும் இம்முறையில் அச்சானவையே. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பையைப் பற்றிய பேச்சு அதன்பின் மீண்டும் எழுந்தது. பையைத் தைப்பவர் அதில் தாமே ஒரு பூவையோ பெயரையோ அச்சிடவும் விரும்புவது இயல்பு.

திரை அச்சு எவ்வாறு நிகழ்கிறது?

ஒரு மரச்சட்டத்தில் நுண்ணிய வலைத்துணியை இழுத்துக் கட்டுவர். முற்காலத்தில் அது பட்டு. இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். படம் வேண்டிய இடத்தில் மட்டும் வலையின் கண்களைத் திறந்துவிட்டு மற்ற இடங்களை அடைத்துவிட வேண்டும். பிறகு சட்டத்தைத் துணிமேல் வைத்து, ஓரத்தில் மையை ஊற்றி, ‘ஸ்குவீஜி’ எனப்படும் ரப்பர்ப் பட்டையால் ஒரே சீராக இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை இறங்கிப் படம் பதியும்.

வலையின் கண்களை அடைக்க இரு வழிகள் உண்டு. அச்சகங்களில் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, படச்சுருளை மேலே வைத்து ஒளி காட்டுவர். வீட்டுக்கு ஏற்றது இரண்டாவது வழி. தடித்த காகிதத்தில் படத்தை வெட்டி எடுத்து, எஞ்சிய காகிதத்தை வலையின் அடியில் ஒட்டுவது அது. சில பூச்சுகளில் டைகுரோமேட் என்னும் ஆரஞ்சு நிற உப்பைக் கலப்பதுண்டு. அது தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவது. அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. அத்தகைய பூச்சை வீட்டில் கலக்கவே வேண்டாம். நுணுக்கமான படம் தேவையெனில், படம் ஏற்றிய சட்டத்தை அச்சகத்திலேயே செய்து வாங்கிக்கொள்ளலாம்.

கைக்குக் கிடைக்கும் பயன்

பக்கவாதத்துக்குப் பின் கை தேறுவதற்குத் தேவையானது, பயனுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல். வெறுமனே பந்தை அமுக்கிக்கொண்டிருப்பதில் பலருக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. ஆனால் பத்துப் பைகளில் அச்சிட வேண்டும் என்றால் பத்து முறை கை நீள்கிறது; பட்டையைப் பற்றுகிறது; இழுத்தபின் தளர்கிறது. வலுவுள்ள கையும் வலுவிழந்த கையும் ஒரே பட்டையைச் சேர்ந்து பிடிக்கலாம். முறிந்த எலும்பு கூடி மாவுக்கட்டைப் பிரித்தபின் விறைத்துப்போன மணிக்கட்டுக்கும் இத்தகைய மெதுவான அசைவு உதவும். எப்போது தொடங்கலாம், எவ்வளவு அழுத்தலாம் என்பதை உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து தொடங்குங்கள்.

மேசை, முழங்கை மடியும் உயரத்தில் இருக்கட்டும். முதல் வாரத்தில் பதினைந்து நிமிடம் போதும். வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் வலி தணியாவிட்டால், மறுநாள் அதைவிடக் குறைவாகச் செய்ய வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வது பயிற்சி ஆகாது.

மனத்துக்கும் இதில் ஒரு பயன் உண்டு. நீண்ட நாள் நோயில் கிடந்தவர், பிறர் செய்துதர வாங்கிக்கொண்டே இருந்திருப்பார். தம் கையால் அச்சிட்ட பையைப் பேரக்குழந்தையிடம் கொடுக்கும் நாளில், அவர் மீண்டும் கொடுப்பவராகிறார்.

யார் எதில் கவனம் கொள்ள வேண்டும்?

நீரிழிவால் கை விரல்கள் மரத்துப்போனவர்கள் சூடு சார்ந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். துணியில் பதிந்த மை நிலைபெறச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது வழக்கம். உணர்வு குன்றிய விரல், சுட்டது தெரியாமலே வெந்துவிடும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் காகிதம் வெட்டும் கூரிய கத்தியையும் மரம் செதுக்கும் உளியையும் தவிர்ப்பது நலம். வெட்டும் வேலையை வீட்டார் செய்ய, அச்சிடும் வேலையை இவர்கள் செய்யலாம். டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைத்தவர்கள் அக்கையால் அழுத்தி இழுக்கவோ பாரம் தூக்கவோ வேண்டாம்.

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்குத் தின்னரின் ஆவியும் மரத்தூளும் மூச்சிரைப்பைத் தூண்டும். மரத்தூள் நோயாளிகளுக்கு மட்டுமே கேடு என்று எண்ணலாகாது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பது மூக்கு, மூக்கை ஒட்டிய எலும்பறைகள் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது. எனவே சிற்ப வேலை செய்யும் குடும்பங்கள் உப்புத்தாள் தேய்க்கும்போது தகுந்த முகக்கவசம் அணிவதும், தூளை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைப்பதும் நன்று. கருவுற்ற தாய்மார்கள் தின்னர் புழங்கும் அறையில் இருக்கவே வேண்டாம்.

புட்டியில் இருப்பது என்ன?

இனி இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருவோம். எண்ணெய் சார்ந்த அச்சு மையை இளக்கவும், திரையைக் கழுவவும் தின்னர் பயன்படுகிறது. மரச்சிற்பத்துக்கு மெருகேற்ற அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகின்றனர். தின்னர் என்பது ஒரே பொருள் அன்று; டொலுவீன், அசிட்டோன் முதலிய பல திரவங்களின் கலவை. சில வகைத் தின்னரிலும், மெருகுக்குப் பயன்படும் சில வகை ஸ்பிரிட்டிலும் மெத்தனால் இருக்கும்.

மெத்தனால் என்ற சொல்லை நம் மாவட்டத்தில் விளக்கத் தேவையில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அத்துயரம் சாராயத்தால் வந்தது, கைவேலையால் வந்ததன்று. ஆயினும் அதே நஞ்சு, முறையான தொழிற்பொருளாகவும் நம் வீட்டு அலமாரிக்கு வந்து சேரலாம் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மெத்தனால் உடலில் சென்றதும் உடனே பெருங்கேடு தெரிவதில்லை. கல்லீரல் அதைப் படிப்படியாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே கண் நரம்பைச் சிதைக்கிறது. இரத்தத்தை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. ஆகவே முதலில் வெறும் மயக்கம் போலத் தோன்றி, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு, பனி மூடியது போன்ற பார்வை ஆகியவை வெளிப்படும். ஏறத்தாழ 10 மில்லிலிட்டரே, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவே, பார்வையைப் பறிக்கப் போதுமானது. ‘குடித்தவர் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காத்திருக்கும் அந்த நேரந்தான் சிகிச்சைக்கு உரிய பொன்னான நேரம்.

வீடுகளில் இத்தகைய விபத்துக்குக் காரணமாவது பெரும்பாலும் ஒரே பழக்கம். கடையில் சில்லறையாக வாங்கிய தின்னரையோ மண்ணெண்ணெயையோ பழைய குடிநீர்ப் புட்டியிலும் குளிர்பானப் புட்டியிலும் ஊற்றி வைக்கிறோம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தையும், கண் மங்கிய முதியவரும் புட்டியின் வடிவத்தைப் பார்த்தே எடுத்துக் குடிக்கின்றனர். ஆதலால் இத்திரவங்களை அவை வந்த கலனிலேயே வையுங்கள். பெயர்ச்சீட்டைக் கிழிக்காதீர்கள். எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். அடுப்புள்ள அறையில் வைக்காதீர்கள். இவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். கையில் ஒட்டிய மையைத் தின்னரால் துடைப்பதையும் விட்டுவிடுங்கள். அது தோலின் இயற்கை எண்ணெயை நீக்கி வெடிப்பையும் சொறியையும் உண்டாக்கும். சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின் சோப்பால் கழுவினால் போதும்.

இவற்றைவிடச் சிறந்த காப்பு, தின்னரே வேண்டாத மையைத் தேர்ந்தெடுப்பது. துணிக்கென நீர் சார்ந்த மைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை நீரால் இளக்கி, திரையையும் நீராலேயே கழுவிவிடலாம்.

கடுக்காய்க் கறுப்பு

விரும்புவோர் கலம்காரிக் கலைஞர்களின் பழைய வழியையும் கைக்கொள்ளலாம். கஞ்சிப்பசை போகத் துவைத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துங்கள், துணி இளமஞ்சளாகும். மற்றொரு மண்பானையில் துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் நீருடன் இட்டு, மூடியை இறுக்காமல், இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுங்கள். அந்நீரை வடிகட்டி, நம் ஊர் மரவள்ளி மாவைச் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் காய்ச்சி ஆறவிட்டால் அச்சுக் குழம்பு கிடைக்கும். அதைக் காகிதப் படம் ஒட்டிய திரையின் வழியே இழுத்தால், மங்கிய குழம்பு துணியைத் தொட்டதும் கறுக்கத் தொடங்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து அக்கறுப்பை உண்டாக்குகின்றன. உலர்ந்தபின் நீரில் அலசினால் போதும். இஸ்திரிச் சூடு வேண்டுவதில்லை என்பதால் விரல் மரத்தவர்களுக்கும் இது ஏற்றது.

இம்முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரும்புக் கரைசல் குழந்தைகளுக்கு நஞ்சு. வெல்லம் சேர்ந்ததாயிற்றே என்று அலட்சியமாக இருக்கலாகாது. அதற்கென ஒதுக்கிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

ஏதேனும் நேர்ந்துவிட்டால்

தின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ஆகியவற்றை ஒருவர் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்பு நீர், சோப்பு நீர், புளிக்கரைசல் எதையும் புகட்டாதீர்கள். வாந்தி வரும்போது அத்திரவம் மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைப் புண்ணாக்கும். உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள். அந்தப் புட்டியையும் தவறாமல் எடுத்து வாருங்கள். அதன் பெயர்ச்சீட்டு எங்கள் சிகிச்சையை விரைவுபடுத்தும். மெத்தனால் நஞ்சுக்கு மாற்று மருந்தும் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. ஆனால் அவை காலத்தோடு தொடங்கப்பட வேண்டும். கல்வராயன் மலையில் வசிப்போர், மலைப்பாதையில் இறங்கும் நேரத்தையும் கணக்கிட்டு, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும்.

கண்ணில் மையோ தின்னரோ தெறித்தால், தேய்க்காமல், இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவியபின் வாருங்கள். ஆவியால் தலைசுற்றல் ஏற்பட்டால், முதலில் அவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, நீங்கள் வீட்டில் செய்யும் கைவேலை எதுவென்று எங்களிடம் சொல்லுங்கள். பயன்படுத்தும் பொருள்களின் பெயர்களையும் எழுதி வாருங்கள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலவே அதையும் பார்த்து, உங்களுக்கு ஏற்றது எது, தவிர்க்க வேண்டியது எது என்று சொல்வது எங்கள் கடமை. இன்று மாலை விளக்கேற்றும் முன், வீட்டு அலமாரியில் பெயர்ச்சீட்டில்லாத புட்டி ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.