‘வேண்டும்’ என்னும் சொல்

ஒரு நாளில் எத்தனை முறை ‘வேண்டும்’ என்கிறோம்! மயிலாப்பூர் மாட வீதியில் பூ வேண்டும். பாண்டி பஜாரில் வளையல் வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும். இத்துணைப் பழகிய சொல்லின் பிறப்பையும் இலக்கணத்தையும் சிறிது காண்போம்.

‘வேள்’ என்னும் அடிச்சொல்லுக்கு விரும்புதல் என்பது பொருள். அதனுடன் ‘கை’ விகுதி சேர்ந்து ‘வேட்கை’ ஆயிற்று. தாகத்தை நீர்வேட்கை என்கிறோம். தேர்தலில் நிற்பவர் பதவியை விரும்புவதால் ‘வேட்பாளர்’. வேட்கையும் அவாவும் சேர்ந்தால் செய்யுளில் ‘வேணவா’ ஆகும். ‘கை’ கெட்டு, ‘ட்’ என்பது ‘ண்’ ஆகிறது. இதற்கென்றே தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் தனி நூற்பா உண்டு. ஆசைமேல் ஆசை வந்தால் எழுத்தும் நிலைமாறும் போலும்! ‘வேண்டு’ என்பதும் இச்சொற்களுக்கு உறவே.

இனி இலக்கணம். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் எது? ‘நான்’ அன்று, தண்ணீரே எழுவாய். ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்திலோ விரும்புகிறவரே எழுவாய். 1842-ஆம் ஆண்டில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து கல்விப்பணி தொடங்கினர். அந்நாட்டு ஐரிஷ் மொழியில், ‘விரும்புகிறேன்’ என்பதை ‘இஸ் மீயன் லியம்’ எனலாம். ‘என்னோடு ஆசை இருக்கிறது’ என்பது அதன் நேர்ப்பொருள். அங்கும் ‘நான்’ எழுவாய் ஆவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘நான் படிக்க வேண்டும்’ என்பது பெரும்பாலும் கடமையைக் குறிக்கும். ‘எனக்குப் படிக்க வேண்டும்’ என்றாலோ அது உள்ளத்து விருப்பம். வேறுபாடு ஒரு ‘கு’ உருபில்தான்! “என் மகள் மருத்துவம் படிக்க வேண்டும்” என்று பெற்றோர் சொல்லும்போது, “எனக்குத் தமிழ் படிக்க வேண்டும்” என்று மகள் மெல்லச் சொல்லக்கூடும். அந்தச் சிறு ‘கு’ பெரியோர் செவியில் விழுவது நலம். மாணவியரும், தமக்கு வேண்டுவதைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லப் பழகுதல் நலம்.

செபத்திலோ ‘வேண்டுகிறேன்’ என்கிறோம். அங்கே ‘நான்’ எழுவாயாகி விடுகிறது. ஆசை நம்மிடம் தானே வருவது. வேண்டுதலோ நாம் செய்வது. எதை வேண்டுவது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பும் நம்முடையதே அன்றோ?