சர்வர் வெளிநாட்டில் இருந்தால் கூகுளில் பின்தங்குவோமா?

என் தங்கை மதுரையில் ஊறுகாய், வற்றல் வியாபாரம் செய்கிறாள். அதற்கென டாட் காம் முகவரியில் ஒரு வெப்சைட்டும் வைத்திருக்கிறாள். சென்ற மாதம் ஒருவர் அவளுக்குப் போன் செய்து, "உங்கள் சைட் அமெரிக்க சர்வரில் இருக்கிறது. அதனால்தான் கூகுளில் பின்னால் வருகிறது. 8,000 ரூபாய் கட்டி இந்திய சர்வருக்கு மாற்றினால் முதல் பக்கம் நிச்சயம்" என்றாராம். கட்டட்டுமா என்று என்னிடம் கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரலாம்.

சர்வர் என்பது இரவு பகலாக இன்டர்நெட்டில் இணைந்தே இருக்கும் கம்ப்யூட்டர். நம் வெப்சைட்டின் பக்கங்களும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. அதற்கென ஓர் ஐ.பி. எண் உண்டு. அதை வைத்து, சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம்.

இந்தத் தகவலை கூகுள் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். முடிவான ஆதாரமாகக் கொள்வதில்லை. கூகுளின் உதவிப் பக்கங்களிலேயே இது இருக்கிறது. வாடகையும் வசதியும் பார்த்துப் பலர் வெளிநாட்டு சர்வரைப் பயன்படுத்துகிறார்கள். சி.டி.என். என்ற ஏற்பாட்டில் ஒரே தளத்தின் நகல்கள் பல நாடுகளில் வைக்கப்படுகின்றன. பிறகு ஐ.பி. எண்ணை எப்படி நம்புவது?

இதைவிட முகவரியின் கடைசிப் பகுதி வலுவான அடையாளம். டாட் இன் என்றால் இந்தியா, டாட் எல்கே என்றால் இலங்கை. டாட் காம் எந்த நாட்டையும் குறிப்பதில்லை. அப்படிப்பட்ட தளங்களில் மொழி, கடை முகவரி, போன் நம்பர், விலை எந்தப் பணத்தில் உள்ளது என்பவை துணை செய்யும்.

அப்படியானால் தூரத்தால் பாதிப்பே இல்லையா? உண்டு, வேகத்தில். ஃபைபர் கேபிளில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் போய்த் திரும்பினாலே 135 மில்லி வினாடி ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குள் இப்படிப் பல முறை போய்வர வேண்டும். கம்ப்யூட்டரில் தேடும்போது 2010 முதலும், மொபைலில் 2018 முதலும் கூகுள் வேகத்தையும் கணக்கில் கொள்கிறது. ஆனால், தேடியவருக்கு வேண்டிய விஷயம் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முதலில்.

உங்கள் தளத்தை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டுத் தளத்தின் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். போய்வரும் நேரம் தெரியும். தங்கையின் தளத்துக்கு 250 மில்லி வினாடி வந்தது. கால் வினாடிதான்! பிறகு படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 4 எம்.பி.; முகப்பில் மட்டும் ஆறு. தாமதத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது.

பெயின்ட்டில் ரீசைஸ் செய்து படங்களைச் சிறிதாக்கினோம். கடை முகவரியையும், ஒவ்வொரு ஊறுகாயின் எடை, விலை விவரத்தையும் தமிழில் எழுதினோம். இப்போது தளம் சட்டென்று திறக்கிறது. முதல் பக்கத்தில் வந்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. 8,000 ரூபாய் கேட்டவர் சொல்லாமல் விட்டது அதைத்தான்.