நாவலப்பிட்டியில் பிறந்த நெறியாளர்: எம்.ஜி.ஆர்.

மாணவர்களே, எம்.ஜி.ஆர். என்றதும் நடிகரும் தமிழக முதலமைச்சரும் உங்கள் நினைவுக்கு வருவர். கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17 இல் பிறந்த அவர் ஒரு நெறியாளரும் தயாரிப்பாளருமாவார். இவ்விரு பொறுப்புகளையும் முதலில் வேறுபடுத்தி அறிந்துகொள்க.

தயாரிப்பாளர்: படத்திற்கான பணத்தைத் திரட்டுபவர். நட்டம் ஏற்படின் அதனைத் தாங்குபவரும் அவரே.

நெறியாளர் (இயக்குநர்): கதை திரையில் எவ்வாறு அமைய வேண்டும் எனத் தீர்மானிப்பவர்.

ஆரம்ப வாழ்க்கை

சிறுவயதில் தந்தையை இழந்த எம்.ஜி.ஆரின் குடும்பம் கும்பகோணத்தில் வறுமையில் வாழ்ந்தது. பள்ளிப்படிப்பு இடைநின்றது, நாடகக் கம்பனியே அவரது கல்விக்கூடமாயிற்று. 1936 இல் ‘சதிலீலாவதி’ படத்தில் சிறு வேடம் ஏற்றார். கதாநாயகனாவதற்கு 1947 இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’ வரை, பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார்.

நாடோடி மன்னன் (1958)

எம்ஜியார் பிக்சர்ஸ் நிறுவனத்தின் மூலம் தயாரித்து, முதன்முறையாக நெறியாள்கையும் செய்து, இரட்டை வேடத்திலும் நடித்தார். படத்தின் ஒரு பகுதி வண்ணத்தில் எடுக்கப்பட்டது. தோல்வியுற்றிருப்பின் பணமும் புகழும் ஒருங்கே போயிருக்கும். படமோ பெருவெற்றி பெற்றது.

அரசனைப் போன்ற தோற்றமுடைய ஒருவன் அரியணை ஏறும் கதை, ‘த பிரிசனர் ஒவ் சென்டா’ என்னும் ஆங்கில நாவலிலும் உண்டு. அங்கு அவன் அரசனின் இடத்தைக் காத்துக் கொடுக்கிறான். இங்கோ, சாதாரண குடிமகன் அரியணையிலிருந்து மக்கள் நலச் சட்டங்களைப் பிறப்பிக்கிறான். நிறுவனத்தின் சின்னத்தில், ஆணும் பெண்ணும் ஏந்தியிருந்தது அவர் சார்ந்திருந்த தி.மு.க.வின் கொடியாகும். பொழுதுபோக்குப் படத்தை அரசியற் கருத்தின் ஊடகமாக அவர் பயன்படுத்தினார் என்பதற்கு இவை சான்றாகும்.

பிற்காலப் படங்கள்

‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) படத்தையும் அவரே தயாரித்து நெறியாள்கை செய்தார். ஜப்பானில் நடைபெற்ற எக்ஸ்போ 70 கண்காட்சியிலும் இதன் காட்சிகள் படமாக்கப்பட்டன. மூன்றாவதாக அவர் நெறியாள்கை செய்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978 இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டே அவர் முதலமைச்சராகிவிட்டார். 1987 இல் காலமானார்.

கவனத்திற்கு: பிறந்த ஊரையும் படப்பெயர்களையும் மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. அவர் ஏன் தாமே தயாரித்தார், அதனால் கதை எவ்வாறு மாறியது என விளக்குக.

பயிற்சி வினா: ‘தயாரிப்பாளரும் நெறியாளரும் ஒருவராக இருப்பதன் நன்மை, ஆபத்து’ ஆகியவற்றை ‘நாடோடி மன்னன்’ கொண்டு விளக்குக.