தேடல் பெட்டியில் நாம் தொடாத பொத்தான்கள்

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அவர் மகன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். பேரனின் பள்ளி அட்மிஷனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று ஒருநாள் கூகுள் ஆப்பில் தேடியிருக்கிறார். முதலில் வந்த பக்கம் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் 'சேவைக் கட்டணம் 500 ரூபாய்' என்றது. கார்டு எண்ணைத் தட்டப் போன நேரத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன். சென்னை மாநகராட்சி இணையதளத்தில் அதே சான்றிதழை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம்!

பெரியம்மா மேல் தப்பில்லை. முதலில் வருவதுதான் சரியானது என்று நாம எல்லோருமே நினைக்கிறோம். ஆனால் மேலே வரும் சில முடிவுகள் காசு கொடுத்து வைக்கப்பட்ட விளம்பரங்கள். அவற்றின் மேல் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். பக்கத்திலேயே மூன்று புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதைத் தொட்டால் அந்த விளம்பரத்தைக் கொடுத்தது யார், எந்த ஊர் என்ற விவரம் வரும். சாதாரண முடிவுகளிலும் அந்தப் புள்ளிகள் உண்டு. அந்தத் தளம் எப்படிப்பட்டது என்று திறக்காமலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கு. தேட வேண்டியதைத் தமிழிலேயே எழுதிவிட்டு, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் எஸ்-ஐ-டி-இ என்று தட்டுங்க. அதை ஒட்டியே முக்காற்புள்ளி (:), அதையும் ஒட்டியே 'ஜிஓவி.இன்'. நடுவில் இடைவெளி கூடாது. இப்போது அரசு முகவரியில் இயங்கும் பக்கங்களில் மட்டும் தேடும். அந்த முகவரியை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள், தனியார் வாங்க முடியாது. வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி எல்லாவற்றுக்கும் இது பயன்படும். விண்ணப்பப் படிவம் மட்டும் வேண்டுமா? கூடவே 'ஃபைல்டைப்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, முக்காற்புள்ளி வைத்து, 'பிடிஎஃப்' என்று தட்டினால் போதும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எல்லா அரசு சேவையும் அந்த முகவரியில் இல்லை. நாம் மின் கட்டணம் கட்டும் டிஎன்இபிநெட் தளம் 'ஆர்க்' என்றுதான் முடிகிறது. அதனால் அந்தத் தளத்தை ஒருமுறை சரிபார்த்து புக்மார்க் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 'இன்று இரவு கரண்ட் கட்' என்று வரும் எஸ்எம்எஸ்ஸில் உள்ள எண்ணையோ லிங்க்கையோ தொடவே வேண்டாம்.

தி.நகர்வாசிகளுக்கு இன்னொரு தலைவலி. ஒரே ஊரை தி.நகர், டி.நகர், தியாகராய நகர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தேடினால் மற்றது விட்டுப்போகலாம். ஒவ்வொரு பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவே ஓ, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்டினால் மூன்றையும் சேர்த்துத் தேடும்.

தட்டுவதே சிரமம் என்பவர்களுக்கு மைக் இருக்கிறது. 2017 முதலே கூகுளில் தமிழில் பேசித் தேடலாம். நீங்க பேசுவது ஆங்கிலமாக விழுந்தால், உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் குரல் மொழியாகத் தமிழைச் சேர்த்துவிடுங்க. மைக் பக்கத்தில் உள்ள கேமரா படம்தான் லென்ஸ். ஆங்கிலத்திலோ இந்தியிலோ வந்த வங்கிக் கடிதத்தின் மேல் காட்டினால் தமிழில் படித்துக் காட்டும். மொழிபெயர்ப்பு சில இடங்களில் சிரிப்பாக இருக்கும், விஷயம் புரிந்துவிடும். ஆனால் நீங்க எடுக்கும் படம் கூகுள் சர்வருக்குப் போய்த்தான் விடை வருகிறது. ஆதார், பாஸ்புக், கார்டு இவற்றை லென்ஸில் காட்டாதீங்க.

டேப்லெட்டின் பெரிய திரைக்கு ஏற்ற வசதி, திரையை இரண்டாகப் பிரிப்பது. ஆண்ட்ராய்டில் சமீபத்தில் திறந்த ஆப்கள் வரிசையாகத் தெரியும் இடத்துக்குப் போய், ஆப்பின் ஐகானைத் தொட்டால் 'ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்' வரும். ஒரு பக்கம் வழிகாட்டிக் குறிப்பு, மறுபக்கம் விண்ணப்பம். அடையாறில் ஒரு தோழி வீட்டில் இப்படித்தான் மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புகிறார்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே டேப்லெட்டைப் பயன்படுத்தினால், கூகுள் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டுப் பாருங்க. கடைசி 15 நிமிடத் தேடலை மட்டும் அழிக்கும் வசதி அங்கே இருக்கும்.

தவறான பக்கத்தில் ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணைத் தேடிக்கொண்டு இருக்காமல் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்க. பெரியம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவிலும் எழுதி ஒட்டியிருக்கிறார், மாநகராட்சியின் 1913-க்குப் பக்கத்தில்.