பாதையே இடையூறாக இருந்தால்?

கடந்த மாரி காலத்தில் ஒரு நாள். பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவதும் ஒரு தர்மம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "மௌலவி சேர், பாதையே இடையூறாக இருந்தால் எதை அகற்றுவது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அன்று மாலை அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போய்விட்டது. காங்கேசன்துறையில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். அதற்குள் உடைந்த மதகு ஒன்று இருக்கிறது. அது எந்த இடம் என்று தெரியாமல், ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி காலால் தடவித் தடவித்தான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அன்பின் வாசக சகோதர சகோதரிகளே! ஒரு மதகைப் பற்றி எழுத இத்தனை பக்கங்கள் வேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். தயவுசெய்து சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். இது எங்கள் ஊர் மதகின் கதை மட்டுமல்ல. உங்கள் வீட்டு வாசலிலும் இப்படி ஒன்று இருக்கும்.

பெரிய தீர்மானங்களைக் கண்ட ஊர்

காங்கேசன்துறை சிறிய ஊர்தான். ஆயினும் பெரிய பெரிய தீர்மானங்களைக் கண்ட ஊர். 1893இல் இங்கே வெளிச்சவீடு எழுந்தது. 1902இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. 1956இல் யாழ்தேவி வந்தது. பிறகு 1990 ஜூன் மாதம் வந்தது. போர் மீண்டும் மூண்டு, இவ்வூர் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தொழிற்சாலையும் நின்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவால் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. ஓதியதும் வளர்ந்ததும் புத்தளத்தில். ஆகவே, வீட்டுத் திறப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று இவ்வூர் மக்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2013 ஏப்ரலில் இப்பகுதியில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிச் சொந்தக்காரர்களை இனங்காண முடியவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அந்தச் சொந்தக்காரர்களில் பலர் சில மைல் தூரத்தில், மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம்களில் இருந்தார்கள்! தேடியிருந்தால் ஒரு சைக்கிள் ஓட்டத்தில் கண்டுபிடித்திருக்கலாம். மக்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். அதன் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் முழுவதும் இன்னும் விடுவிக்கப்பட்டுவிடவில்லை.

2015 ஜனவரி 2ஆம் திகதி புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையைத் தொட்டது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால் கப்பலுக்கும் புகையிரதத்துக்கும் திறப்பு விழா உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. மதகுக்கும் வீதி விளக்குக்கும் அப்படி எதுவும் இல்லை. கப்பல் ஏறுகிறவர் வருடத்தில் ஒருமுறை ஏறுவார். மதகைத் தாண்டுகிறவர் நாளுக்கு நான்கு முறை தாண்டுகிறார்.

"எங்களுடையது அல்ல"

எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டுத் தமது காணிக்குத் திரும்பியவர். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி அத்தனை காலமும் காத்தவர். அந்த மாரியில் மதகில் கால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பார்க்கப் போன என்னிடம், "இவ்வளவு காலம் காத்திருந்து வந்தது இந்த மதகிலை விழவே, தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இது எங்களுடையது அல்ல, மௌலவி" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய இரண்டாவது அலுவலகம் மூன்றாவதைக் காட்டியது. மூன்றாவது அலுவலகத்தில், "முதலில் போன இடத்திலேயே கேளுங்கள்" என்றார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. ஓரிடத்தில் தேநீரும் தந்தார்கள். அரை நாள் விடுமுறையும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் வீதிகளுக்கு ஒரே சொந்தக்காரர் இல்லை. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. புகையிரதப் பாதையை ஒட்டிய நிலம் வேறு திணைக்களத்துடையது. கடதாசியில் இந்தப் பிரிவுகள் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மழைநீர் எல்லைக்கல் பார்த்து ஓடுவதில்லையே! ஒருவருடைய வீதியில் விழுந்த நீர் மற்றவருடைய மதகில் தேங்குகிறது. பொறுப்பு மட்டும் எவரிடமும் தேங்குவதில்லை.

கேட்பதற்கு ஆள் இல்லாத காலம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம் சார்பில் பேச ஆள் இல்லாமல் இருப்பது காங்கேசன்துறைக்குப் புதிதல்ல. 1972இல் தந்தை செல்வநாயகம் தமது காங்கேசன்துறை நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்து, மக்களின் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் இத்தொகுதிக்கு உறுப்பினரே இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து அதே அனுபவம் நாடு முழுவதற்கும் கிடைத்தது. 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் தள்ளிப்போயிற்று. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு வருடங்களில் வட்டார உறுப்பினர் என்று எவரும் இல்லை. கதவைத் தட்டி, "வந்து பாருங்கள்" என்று இழுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. அதிகாரிகள் கோவைகளைக் கவனித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நம்மிடம் வாக்குக் கேட்டு வரவேண்டியவர்கள் அல்லவே!

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய திட்டங்களைப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பாக உங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு ஒழுங்கையும், மதகும், விளக்குக் கம்பமும் யாருடைய பொறுப்பு என்று ஒரு பட்டியல் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கடதாசியும் கொஞ்சம் நேர்மையும் போதும்.

நம் பக்கத்துப் பிழைகள்

நீதியாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊரே காலியாகக் கிடந்த காலத்தில் அங்கிருந்து யாரிடம் வரி அறவிடுவது? பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைப் போலத்தான் இப்பகுதியின் பொது வசதிகளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சீராக்கிவிட முடியாது.

நாம் மட்டும் என்ன? சோலை வரி என்று நம் பெரியவர்கள் சொல்லும் ஆதன வரியைக் கட்ட நாள் கடத்துகிறோம். குப்பையைப் பையில் கட்டி இருட்டியபின் ஒழுங்கை முனையில் வைத்துவிட்டு வருகிறோம். அந்தப் பைதான் மாரியில் மதகின் வாயை அடைக்கிறது. மதில் கட்டும்போது ஓர் அடி வெளியே தள்ளிக் கட்டி, வாய்க்காலை நெரிக்கிறோம். பிறகு வெள்ளம் வந்துவிட்டது என்று அலுவலகத்தைத் திட்டுகிறோம். பொதுச் சொத்து ஓர் அமானிதம் என்பது தவிசாளருக்கு மட்டும் உரிய பாடமா?

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. உரிமையாகக் கேட்க வேண்டியதைச் சலுகையாகக் கேட்கிறோம். தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து நம் வீட்டு முன் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டால், அடுத்த வீட்டு இருட்டு நமக்குத் தெரிவதில்லை.

எழுதிக் கேளுங்கள்

அந்த மூன்று அலுவலக நடைக்குப் பிறகு நான் வாயால் கேட்பதை நிறுத்திவிட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்தப் பொது அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது.

எழுத்துக்கு வலிமை உண்டா என்று கேட்கிறவர்கள் அருகிலுள்ள சுன்னாகத்தை நினைத்துப் பார்க்கட்டும். மின்நிலையத்தின் கழிவு எண்ணெயால் கிணறுகள் கெட்டன என்று மக்கள் முறையிட்டார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி 2019இல் அந்த மின் நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது.

தாய்மார்களே, இந்த வேலையை ஆண்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த வாய்க்கால் நாறுகிறது, பஸ் எத்தனை மணிக்கு வராமல் போகிறது என்று வீட்டில் எவரையும்விட நீங்கள்தான் நன்கு அறிவீர்கள். ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்புங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடிதத்துக்குப் பதில் வந்தது. மதகு யாருடைய பொறுப்பு என்று ஒரு வரியில், முத்திரையோடு எழுதப்பட்டிருந்தது. மதகு இன்னும் கட்டப்படவில்லை. அடுத்த மாரிக்கு முன் கட்டி முடிப்பார்களா என்று இப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இனி யாரும், "இது எங்களுடையது அல்ல" என்று சொல்ல முடியாது. கையில் கட்டுப் போட்டிருந்த அந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, பிரதியொன்று தனக்கும் வேண்டும் என்று வாங்கி, காணி உறுதி இருந்த அதே பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

வகுப்பில் கேட்ட மாணவனுக்கும் பதில் சொல்லிவிட்டேன். பாதையே இடையூறாக இருந்தால், அதற்குப் பொறுப்பானவர் யார் என்று முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள், மகனே.