கடற்பாசி தரும் பொருள்வளம்

ஐஸ்கிரீமின் மென்மைக்கும் பற்பசையின் குழைவுக்கும் துணைசெய்யும் பொருள்களுள் ஒன்று, கடற்பாசியிலிருந்து பெறப்படும் காராகீனன் ஆகும். ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளை வளர்க்கப் பயன்படும் அகரும் பாசியிலிருந்தே கிடைக்கிறது. இவ்வாறு உயிர்வளங்களைக் கொண்டு பொருளீட்டுவதை உயிரிப் பொருளாதாரம் என்பர்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் மீனவப் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கிப் பாசி சேகரித்து வருகின்றனர். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என அவர்கள் வழங்கும் பெயர்கள் தாவரவியல் பெயர்களைவிட இனியவை. 1986இல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதனால் அங்குப் பாசி எடுப்பது கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று.

மாற்றுவழியாகப் பாசி வளர்ப்பு பரவியது. பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட காப்பாபைகஸ் என்னும் பாசியை, 2000ஆம் ஆண்டளவில் பெப்சி நிறுவனம் வணிக நோக்கில் வளர்க்க முன்வந்தது. ஊர்மக்கள் அதைப் ‘பெப்சி பாசி’ என்றே அழைத்தனர்! 12 அடி நீள அகலமுள்ள மூங்கில் மிதவையில் கட்டப்படும் விதைப்பாசி, ஏறத்தாழ 45 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். உழவும் உரமும் வேண்டா.

ஆயினும் இப்பாசி மிதவையோடு நிற்பதில்லை. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பாசி மூடிய பவளம் ஒளியின்றி இறக்கும்; பவளத்தை நம்பி வாழும் மீன்கள் அகலும்; மீனவரின் வலையும் வெறுமையாகும். முறிந்த சிறு துண்டும் புதிய இடத்தில் வளரக்கூடியது. எனவே துண்டுகள் சிதறாதிருக்கவும், மீன்கள் மேயாதிருக்கவும் மிதவையின் அடியில் வலை கட்டுகின்றனர். புயலில் மிதவை உடைந்தால் அவ்வலையும் பயன்படாது.